எல்லாருக்கும் முன்னே எழுந்தவனே

அதியமானுக்காகத் தூது வந்த ஔவை, தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலுக்குள் நின்று அவனுடைய வேல்களைப் புகழ்ந்ததைப் புறநானூறு பதிந்து வைத்திருக்கிறது. அழகாக இருக்கின்றன என்றார், அழகாகத்தான் இருந்தன. காவலோடு இருக்கின்றன என்றார், அதுவும் உண்மைதான். போருக்குப் போகாத வேல்தான் அப்படிப் புதுசாக இருக்கும் என்பதைக் கேட்டவன் தானே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தொண்டைமான்கள் ஆண்ட இந்தக் காஞ்சி வட்டாரத்தில், ஓரிக்கையில், பட்டுச்சேலை டிசைன் போடும் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவன் நான். பூட் செக்டார் வைரஸே, உன்னைப் புகழ எனக்கும் பொய் தேவைப்படாது. நீ செய்ததைச் செய்தபடி சொன்னாலே போதும்.

முதலில் உன் சுறுசுறுப்பு. ஒரு கம்ப்யூட்டரில் உனக்கு முன்னால் எழுந்த புரோகிராம் டிஸ்க்கில் எதுவும் கிடையாது. சுவிட்சைப் போட்டதும் பயாஸ் விழிக்கிறது, மெமரியை எண்ணுகிறது, கீபோர்டு இருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகு டிஸ்க்கின் முதல் செக்டாரை எடுக்கிறது. அதில் எழுதியிருப்பது யாருடைய எழுத்து என்று விசாரிக்காமல் அப்படியே மெமரியில் ஏற்றி ஓடவிடுகிறது. ஹார்டு டிஸ்க்கில் அந்த முதல் செக்டார் மொத்தம் 512 பைட். 446 பைட் புரோகிராம். 64 பைட் பார்ட்டிஷன் டேபிள். கடைசி 2 பைட் இது சரியான செக்டார்தான் என்பதற்கான அடையாளம். டாஸ் வருமுன், விண்டோஸ் வருமுன், உன்னைப் பிடிக்க வேண்டிய ஆன்டிவைரஸ் வருமுன், நீ அங்கே உட்கார்ந்திருந்தாய். அதற்குப் பிறகு டிஸ்க்கைப் படிக்க யார் வந்தாலும் உன்னைக் கேட்டுத்தான் படிக்க வேண்டும். உன்னிடமே உன்னைப் பற்றி விசாரித்தால் நீ என்ன சொல்வாய்? ‘அப்படி யாரும் இங்கே இல்லை’ என்றுதான் சொன்னாய். பல வருஷம் நாங்களும் நம்பினோம்.

அந்தச் சின்ன இடத்துக்குள் அவ்வளவு வேலையை அடக்கிய கை சாதாரணக் கை இல்லை. அசெம்பிளி மொழியில் ஒவ்வொரு பைட்டையும் எண்ணி எண்ணி எழுதியிருக்கிறான் உன்னைப் படைத்தவன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கால்வாசியை வைத்து ஒருவன் கெட்டுப்போன டிஸ்க்கை மீட்கும் கருவி எழுதியிருந்தால், எங்கள் பக்கத்து டிசைன்காரர்கள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். அவன் அந்த அறிவை உனக்குக் கொடுத்தான். எனக்கு இன்றும் மனசு ஆறாத இடம் அதுதான்.

அடுத்தது உன் எளிமை. நீ வருவதற்குப் புரோகிராம் பிளாப்பிகூட வேண்டியதில்லை, வெறும் டேட்டா பிளாப்பி போதும். இதைப் பலர் இன்றுவரை தெரிந்துகொள்ளவில்லை. ஃபார்மட் செய்த ஒவ்வொரு பிளாப்பியிலும் பூட் செக்டார் இருக்கிறது, அதில் ஒரு சின்னப் புரோகிராமும் இருக்கிறது. சிஸ்டம் ஃபைல் இல்லாத பிளாப்பியை டிரைவில் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டால், ‘நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்’ என்று ஒரு வரி வருமே, அந்த வரியை எழுதுவதே அந்தப் புரோகிராம்தான். அந்த இடத்தில் நீ இருந்தால், வரி திரையில் தெரிவதற்குள் நீ ஹார்டு டிஸ்க்கில் ஏறி முடித்திருப்பாய். பிளாப்பியை வெளியே இழுத்துவிட்டு ஒரு பட்டனைத் தட்டி, அப்பாடா என்று வேலையைத் தொடர்ந்தவர்கள் எத்தனை பேர்!

உனக்கு எங்கள் ஊரில் தேர் இழுத்தது மின்வெட்டு. டிசைன்கள் பிளாப்பியில் தெருத்தெருவாகப் போன காலம் அது. பிள்ளையார்பாளையத்தில் ஒருவர் முந்திக்கு டிசைன் போடுவார். ஓரிக்கையில் இன்னொருவர் அதைத் திருத்துவார். தறிக்கு அட்டை குத்துகிறவர் அய்யம்பேட்டைப் பக்கம் இருப்பார். ஒரே பிளாப்பி நாலு கம்ப்யூட்டருக்குள் போய் வரும். பாதி வேலையில் கரண்ட் போய்விடும். பிளாப்பி டிரைவிலேயே கிடக்கும். வெளியே டீ குடிக்கப் போயிருப்பார்கள். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானே எழுந்து, அன்றைய வழக்கப்படி ஏ டிரைவை முதலில் பார்க்கும். யாரும் பட்டனைத் தொடவில்லை, யாரும் எந்தப் புரோகிராமையும் திறக்கவில்லை. நீ வந்து சேர்ந்துவிட்டாய். இவ்வளவு சிக்கனமாக வேறு எந்த விருந்தாளியும் எங்கள் ஊருக்கு வந்ததில்லை.

பிசி உலகில் உன் குலத்தின் மூத்தவன் ‘பிரெயின்’. 1986-ல் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற இரு அண்ணன் தம்பிகள் எழுதியது. தங்கள் மருத்துவ சாஃப்ட்வேரைத் திருட்டு நகல் எடுப்பவர்களுக்காக எழுதினோம் என்றார்கள். அதற்குள் தங்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள். ஹார்டு டிஸ்க்கை அது தொடவில்லை, பிளாப்பியோடு நின்றது. முகவரியோடு வந்த வைரஸ் என்று அதற்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் படிக்க வருகிறவர்களுக்குப் பழைய நல்ல செக்டாரை எடுத்துக் காட்டி, தன்னை மறைத்துக்கொள்ளும் வித்தையையும் உன் வம்சத்துக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

பிறகு 1987-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ‘ஸ்டோன்டு’ பிறந்தது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கு என்ற வரியைத் தனக்குள் வைத்திருந்தது. இத்தாலியிலிருந்து ‘பிங் பாங்’ வந்து பந்தைத் துள்ளவிட்டது. சுவிட்சர்லாந்திலிருந்து ‘ஃபார்ம்’ வந்து, மாதத்தில் ஒரு நாள் கீபோர்டைத் தட்டத் தட்டக் கிளிக் கிளிக் என்று சத்தம் போட்டது. கண்டம் விட்டுக் கண்டம், ஒரு கேபிளும் இல்லாமல், சட்டைப்பையில் ஏறி நீ உலகம் சுற்றினாய்.

எங்கள் நாட்டையும் நீ விட்டுவைக்கவில்லை. 1990 ஜூனில் இந்தியாவில் கண்டெடுக்கப்பட்ட ‘ஜோஷி’யைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் குணநலன்கள் அத்தனையும் அதில் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. ஜனவரி 5 வந்தால் திரை நின்றுவிடும். ‘ஹேப்பி பர்த்டே ஜோஷி’ என்று டைப் செய்யச் சொல்லும். செய்தால் விட்டுவிடும், செய்யாவிட்டால் நகராது. பணம் கேட்கவில்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை, ஒரே ஒரு பிறந்தநாள் வாழ்த்து. எங்கள் ஊரில் ஜனவரி 5 என்றால் மார்கழிக் கடைசி. தை முகூர்த்தத்துச் சேலைகள் தறியில் ஏறியிருக்கும் சமயம். அவசரத்தில் இருக்கிறவன் என்ன செய்வான்? வாழ்த்தை அடித்துவிட்டு வேலையைப் பார்ப்பான். நீ கேட்டதைக் கொடுத்துவிட்டோம், போய்விட்டாய் என்று நினைப்பான். நீயோ அங்கேயே இருந்தாய், அடுத்த மார்கழி வரைக்கும், போடுகிற ஒவ்வொரு பிளாப்பியிலும் உன்னை எழுதிக்கொண்டு. வருஷத்தில் ஒரு நாள் பேசியதுதான் எல்லார் நினைவிலும் நின்றது. பேசாத மற்ற நாட்களில்தான் நீ பரவினாய்.

ஜோஷிக்கு இருந்த இட நெருக்கடியை அது தீர்த்துக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். 360 கேபி பிளாப்பியில் இருப்பது 40 டிராக். ஜோஷி 41-வது டிராக் ஒன்றைத் தானே ஃபார்மட் செய்து அதில் குடியேறியது. டாஸுக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. டைரக்டரியில் தெரியாது, காலி இடக் கணக்கிலும் தெரியாது. கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் அழுத்தினாலும் அது மெமரியைவிட்டுப் போகாது. ரீஸ்டார்ட் ஆவதுபோல் எல்லாம் நடக்கும், அது மட்டும் உள்ளேயே இருக்கும். சுத்தமான பிளாப்பி போட்டு ரீஸ்டார்ட் செய்தேன், வைரஸ் இல்லை என்று வந்தது, என்று சொன்னவர்கள் பலர். அவர்கள் பார்த்தது டிஸ்க்கை அல்ல, ஜோஷி காட்டியதை.

ஆனாலும் நீ ஒரு தடயம் விட்டாய். மெமரியில் தங்க வேண்டுமென்றால் கொஞ்சம் இடம் எடுத்தாக வேண்டும், எடுத்த இடத்தில் வேறு யாரும் எழுதிவிடாமல் மொத்தக் கணக்கையே குறைத்துச் சொல்ல வேண்டும். செக்டிஸ்க் கட்டளை கொடுத்தால் கடைசியில் மெமரிக் கணக்கு வரும். 640 கேபி கம்ப்யூட்டரில் அது 655360 என்று இருக்க வேண்டும். ஸ்டோன்டு இருந்தால் 653312. ஜோஷி இருந்தால் 6 கேபி குறைந்து 649216. ஆன்டிவைரஸ் வாங்கக் காசில்லாத கடைகளில் இந்த மூன்று எண்களைச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு டிசைன்காரனுக்கு நான் கொடுக்க முடிந்த ஆகச் சிறந்த பாதுகாப்பு அதுதான்.

உன் நேர்மையைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஸ்டோன்டு, ஹார்டு டிஸ்க்கின் முதல் செக்டாரில் ஏறும்போது, அங்கே இருந்ததை அழிக்கவில்லை. எடுத்து ஏழாவது செக்டாரில் வைத்தது. அந்த நாளைய டிஸ்க்குகளில் முதல் டிராக்கில் முதல் செக்டார் தவிர மற்றவை காலியாகக் கிடக்கும், ஆகவே அது எதன்மேலும் படாது. மீட்கிறவனுக்கு இது பெரிய உதவி. கம்ப்யூட்டரை முழுசாக அணைத்துவிட்டு, எழுத முடியாதபடி பூட்டிய சுத்தமான டாஸ் பிளாப்பியால் துவக்கி, டிஸ்க் எடிட்டரில் ஏழாவது செக்டாரைத் திறந்தால், பார்ட்டிஷன் டேபிள் தொடங்கும் இடத்தில் 80 01 01 00 06 என்ற பைட் வரிசை தெரியும், கடைசியில் 55 ஏஏ. 80 என்றால் இதிலிருந்துதான் துவங்க வேண்டும் என்று பொருள். 06 என்றால் அன்றைய டாஸ் பார்ட்டிஷன். அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு உயிர் வரும். அந்தச் செக்டாரை அப்படியே முதல் இடத்துக்கு நகலெடுத்து எழுதினால், டிஸ்க் பழையபடி எழுந்துவிடும்.

இந்த நேர்மையைத்தான் ‘மைக்கலாஞ்சலோ’ கெடுத்தது. 1991-ல் கண்டுபிடிக்கப்பட்டது, ஸ்டோன்டு வழி வந்தது, மார்ச் 6 அன்று விழிப்பது. அந்த நாளில் துவக்கினால் டிஸ்க்கின் தொடக்கப் பகுதிகள் மேல் குப்பையை எழுதிவிடும். ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் முழுக்கப் போய்விடும். 1992 மார்ச்சில் உலகம் முழுக்க அமளி. 50 லட்சம் கம்ப்யூட்டர் வரை போகும் என்று செய்திகள் பறந்தன. அடிபட்டவை ஆயிரக் கணக்கில்தான். ஆனால் எங்களைப் போன்றவர்களை வதைத்தது மார்ச் 6 இல்லை. ஸ்டோன்டும் மைக்கலாஞ்சலோவும் பழைய செக்டாரை ஒரே ஏழாவது இடத்தில்தான் வைக்கும். முதலில் ஒருவன் ஏறி, நல்ல செக்டாரை ஏழில் வைப்பான். பிறகு இரண்டாமவன் ஏறி, முதலில் வந்தவனை எடுத்து அதே ஏழில் வைப்பான். நல்லது அதோடு அழிந்தது. டிஸ்க் எழாது. அழிக்க வேண்டும் என்று இருவரில் யாரும் நினைக்கவில்லை. ஆளாளுக்குப் பத்திரப்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

இங்கே உனக்கு ஒரு பெருமை சேர்க்க வேண்டும்: நீ அழித்ததைவிட, உன்னை விரட்டுகிறேன் என்று வந்தவர்கள் அழித்தது அதிகம். ஒருநாள் ஒரு டிசைன் பையன் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தான், முகம் வெளுத்திருந்தது.

“அண்ணே, வைரஸுன்னு சொல்லி ஒரு கடையில ஃபார்மட் அடிச்சுட்டாங்கண்ணே. தாழம்பூ ரேக்கு, யாளி, அன்னம், அப்பா கிராப்புல போட்டு வச்சதை நான் ஏத்தினது, எல்லாம் போச்சு. போனது போகட்டும்னு பார்த்தா, திரும்பவும் அதே வைரஸு.”

“முதல்ல ஒண்ணும் காப்பி பண்ணாத தம்பி. விண்டோஸ் போடாத. போட்டா கீழ இருக்கறதும் போயிடும்.”

டாஸில் சி டிரைவை ஃபார்மட் செய்தால் பார்ட்டிஷனுக்கு உள்ளே இருப்பதுதான் மாறும். பார்ட்டிஷனுக்கு வெளியே, டிஸ்க்கின் முதல் செக்டாரில் இருக்கும் உன்மேல் ஒரு தூசுகூடப் படாது. அவன் அப்பாவின் டிசைன்கள் போயின, நீ இருந்தாய். கடைக்காரருக்குக் கூலியும் கிடைத்தது. இது ஒரு கடையின் கதை இல்லை, அந்தக் காலத்தில் ‘ஃபார்மட் அடிச்சாச்சு’ என்பதே வைத்தியமாக இருந்தது. நோய் தலையில், வெட்டியது காலை.

பையனுக்குப் பாதிக்குமேல் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல, ஜக்கார்டு பெட்டியைத்தான் காட்ட வேண்டும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. ஒரு முந்திக்கு நூற்றுக்கணக்கில் அட்டைகள், எல்லாம் வரிசையாகக் கயிற்றில் கோத்திருக்கும். கயிறு அறுந்து கீழே கொட்டிவிட்டால், ஒரு அட்டையும் கெடவில்லை, ஒரு ஓட்டையும் அடையவில்லை, ஆனால் எது முதல், எது அடுத்தது என்று தெரியாமல் சேலை நெய்ய முடியாது. பொறுமை உள்ளவன் உட்கார்ந்து, ஓட்டைகளைப் பார்த்துப் பார்த்து வரிசையைக் கண்டுபிடிப்பான். பார்ட்டிஷன் டேபிளும் ஃபைல் பட்டியலும் போன டிஸ்க்கும் அப்படித்தான். டேட்டா அங்கேயேதான் இருக்கும், மேலே புதிதாக எழுதாதவரைக்கும். அதனால்தான் அவனிடம் எதையும் காப்பி செய்யாதே என்றேன்.

பிறகு உன் வம்சத்தில் அறிவாளிகள் பிறந்தார்கள். ‘மங்கி’ நல்ல செக்டாரைச் சும்மா நகர்த்தவில்லை, குழப்பி எழுதி ஒளித்து வைத்தது. அது மெமரியில் இருக்கும்வரை சி டிரைவ் ஒழுங்காகத் தெரியும். சுத்தமான பிளாப்பியால் துவக்கினால் சி டிரைவே இல்லை என்று டாஸ் சொல்லும். வைரஸ் இருந்தால் டிஸ்க் இருக்கிறது, வைரஸ் போனால் டிஸ்க் போகிறது. ஊரெல்லாம் சர்வரோக நிவாரணியாகக் கையாண்ட ‘எஃப்டிஸ்க் ஸ்லாஷ் எம்பிஆர்’ என்ற கட்டளை, 446 பைட்டைப் புதுப்பித்துவிட்டுப் பார்ட்டிஷன் டேபிளைத் தொடாமல் விடும். ஸ்டோன்டுக்கு அது மருந்து. முதல் செக்டாரில் டேபிளையே விட்டுவைக்காத மங்கிக்கு அதே கட்டளை விஷம். கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் டிம் மார்ட்டின் ‘கில்மங்க்’ என்று ஒரு சின்னக் கருவியை எழுதி இலவசமாகக் கொடுத்தார். குழப்பியதை அது தெளிவாக்கித் திருப்பி வைத்தது. பெயர் தெரியாத ஒருவன் கெடுத்ததைப் பெயர் போட்டு ஒருவர் சரிசெய்தார். அவரை நான் பார்த்ததில்லை, நன்றி மட்டும் இருக்கிறது.

1994-ல் வந்த ‘ஒன்-ஹாஃப்’ இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு முறை துவக்கும்போதும் டிஸ்க்கின் கடைசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டிக்கொண்டே வரும். கேட்கும்போதெல்லாம் தானே திறந்து காட்டும், அதனால் யாருக்கும் குறை தெரியாது. சாவி முதல் செக்டாரில், அதனிடம். அவசரப்பட்டு அதை அழித்தவன் சாவியையும் சேர்த்து அழித்தான். பாதி டிஸ்க் குப்பையாக நின்றது. பணம் கேட்கும் ரேன்சம்வேர்கள் பிறகு செய்ததை நீ ஒரு பைசா கேட்காமலே செய்துவிட்டாய். அந்த நாளிலிருந்துதான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: எந்த டிஸ்க் வந்தாலும், அடையாளம் தெரியாத எதையும் அழிக்குமுன், முதல் டிராக் முழுவதையும் ஒரு பிளாப்பியில் நகலெடுத்துக்கொள்வது. வைரஸோடு சேர்த்துத்தான். கெட்டதைத் தூக்கி எறியுமுன் அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நீ எங்களைத் தொழிலாளி ஆக்கினாய் என்பதையும் மறுக்கமாட்டேன். சென்னையில் கேசவர்தனன் கே7 கம்ப்யூட்டிங்கைத் தொடங்கியதும், புணேயில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த காட்கர் சகோதரர்கள் குவிக் ஹீல் எழுதியதும் 90களில்தான். வெளிநாட்டு ஆன்டிவைரஸுக்கு டாலர் கொடுக்க முடியாத சின்னக் கடைகளுக்கு அவர்கள் எழுதியது கைக்கு எட்டியது. உன்னால் பிழைத்தவர்கள் இத்தனை பேர் என்று யாராவது சொன்னால் நான் கோபப்படுவேன். அவ்வளவு மூளையும் அவ்வளவு இரவும் டிசைன் போடும் சாஃப்ட்வேருக்கும் தமிழ் எழுத்துருவுக்கும் போயிருக்க வேண்டியவை. நீ அவற்றைக் காவல் வேலைக்கு இழுத்தாய்.

உன்னைத் தடுப்பதற்குத் தேவைப்பட்டதைப் பார்த்தால் நெஞ்சு எரிகிறது. 5.25 அங்குல பிளாப்பியின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் டிரைவ் அதில் எழுதாது. 3.5 அங்குலத்தில் மூலையில் ஒரு சின்னத் தாழ். அதைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைத்தால் போதும். இது சாஃப்ட்வேர் தடை இல்லை, டிரைவே எழுத மறுக்கும், நீ எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும். பயாஸில் துவக்க வரிசையை ஏ-சி என்பதிலிருந்து சி-ஏ என்று மாற்ற ஒரு நிமிஷம் ஆகும். மாற்றிவிட்டால், கரண்ட் போய் வந்தாலும், பிளாப்பி டிரைவில் கிடந்தாலும், நீ வர முடியாது. ஒரு ஸ்டிக்கர், ஒரு நிமிஷம். பிளாப்பி வாங்கும்போதே டப்பாவில் அந்த ஸ்டிக்கர்கள் ஒரு தாளில் இருக்கும். எத்தனை டப்பாக்களில் அந்தத் தாள் பிரிக்காமலே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்! உன் வெற்றியில் பாதி உன்னுடையது, மீதி அந்தப் பிரிக்காத தாளுடையது.

பிளாப்பி போனது, நீயும் போய்விட்டாய் என்றார்கள். நான் நம்பவில்லை. முதல் செக்டார் இருக்கும்வரை அதன்மேல் ஆசைப்படுகிறவனும் இருப்பான். 2012 ஆகஸ்டில் ‘ஷமூன்’ சவூதி அராம்கோவில் சுமார் 30,000 கம்ப்யூட்டர்களின் முதல் செக்டாரை அழித்தது. 2016-ல் ‘பெட்யா’ அதே இடத்தில் ஏறி, டிஸ்க்கின் ஃபைல் பட்டியலைப் பூட்டிப் பணம் கேட்டது. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் ஒரு கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாகப் புறப்பட்ட ‘நாட்பெட்யா’ மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகம் வரை வந்தது. அங்கே மெர்ஸ்க் கப்பல் குழுமம் நடத்தும் முனையத்தில் வேலை நின்றுபோனது. டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன், அணைக்காதே என்று நம்ம செக்டிஸ்க் மாதிரியே திரையில் எழுதிக்கொண்டே அது பூட்டியது. முப்பது வருஷம் எங்களுக்குத் துணையாக இருந்த கட்டளையின் முகத்தையே போட்டுக்கொண்டாய். பணம் கட்டினாலும் திறக்க வழி இல்லாதபடி சாவியையும் வைத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில் மெர்ஸ்க் பிழைத்தது எப்படி என்று படித்தபோது எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. அவர்களுடைய நெட்வொர்க்கின் ஆதாரமான டொமைன் கன்ட்ரோலர்கள் உலகம் முழுவதும் அழிந்தன. ஒன்று மட்டும் தப்பியது, ஆப்பிரிக்காவில் கானாவில். அன்று அங்கே கரண்ட் போயிருந்தது; அந்த சர்வர் நெட்வொர்க்கில் இல்லை. ஓரிக்கைக்கு உன்னைக் கூட்டி வந்த மின்வெட்டு, கானாவில் உன்னிடமிருந்து காப்பாற்றியது. அந்த ஒன்றை வைத்து, 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர் என எல்லாவற்றையும் பத்து நாளில் மறுபடி நிறுவினார்கள். இணைக்காமல் இருந்த ஒரே ஒரு நகல்தான் அத்தனைக்கும் விதையாக நின்றது.

இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் பழைய முதல் செக்டார் முறை போய், யுஇஎஃப்ஐ வந்துவிட்டது. ஜிபிடி என்ற புதிய முறையில் பார்ட்டிஷன் டேபிளின் இரண்டாம் நகல் டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். செக்யூர் பூட் என்ற பூட்டு, கையெழுத்து இல்லாத புரோகிராமைத் துவக்கத்தில் அனுமதிக்காது. ஒருவழியாக, யாருடைய எழுத்து என்று பயாஸ் விசாரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. ‘பிளாக்லோட்டஸ்’ அந்தப் பூட்டையும் தாண்டுவது 2023-ல் உறுதியானது. உன் விடாமுயற்சிக்கு முன் நான் தலை வணங்க மாட்டேன், ஆனால் அதைக் குறைவாகவும் எடைபோட மாட்டேன். செக்யூர் பூட்டை அணைத்து வைத்தால்தான் பழைய டிசைன் சாஃப்ட்வேர் ஓடும் என்று யாராவது சொன்னால், நான் அவர்களோடு சண்டை போடுகிறேன்.

மீட்பதிலும் காலம் மாறிவிட்டது. பார்ட்டிஷன் டேபிள் போன டிஸ்க்குக்கு, கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதி இலவசமாகக் கொடுக்கும் ‘டெஸ்ட்டிஸ்க்’ போதும்; டிஸ்க் முழுக்கத் தேடி, பார்ட்டிஷன் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடித்துப் பழைய டேபிளை எழுதித் தரும். நான் நேராக அதை ஓடவிடுவதில்லை. அடிபட்ட டிஸ்க்கைக் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, செக்டார் செக்டாராக இன்னொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுத்து, நகலில்தான் கை வைக்கிறேன். எஸ்எஸ்டி என்றால் இன்னும் அவசரம். அழித்ததாகக் குறித்த இடங்களை அது தானே உள்ளுக்குள் காலி செய்துவிடும். காத்திருந்தால் டேட்டா உண்மையிலேயே போய்விடும். பழைய ஹார்டு டிஸ்க் தந்த தாராளம் அதில் இல்லை.

இப்போது ஓரிக்கையில் டிசைன் போடும் பிள்ளைகளை இரண்டு வெளி டிஸ்க் வாங்க வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றில் நகல், அடுத்த சனிக்கிழமை இன்னொன்றில். ஒன்று கடையில், மற்றது வீட்டு பீரோவில். நகல் முடிந்ததும் வயரைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்திருந்தால் கம்ப்யூட்டருக்கு வந்தது அதற்கும் வரும். மாதத்துக்கு ஒரு தடவை பீரோ டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு டிசைனைத் திறந்து, வேறு கம்ப்யூட்டரில் கண்ணால் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நான் நகல் என்று ஒப்புக்கொள்வதில்லை. முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது செய்கிறார்கள். சமீபத்தில் ஒரு பெண் டிசைன் போடும் கடையில் லேப்டாப் காலையில் எழவே இல்லை. வைரஸா, டிஸ்க்கே செத்ததா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பெண் வீட்டுக்குப் போய் பீரோ டிஸ்க்கைக் கொண்டுவந்து தம்பியின் கம்ப்யூட்டரில் மாட்டினாள். மத்தியானத்துக்குள் கோபுரக் கரை டிசைன் அட்டை குத்தப் போய்விட்டது.